எழுத்துக்கு உருவம் தரும் பொருள்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தமிழ்ச் சொற்களை அலங்கார எழுத்துகளாக வரைந்து வருகிறேன். அரபு, சீன எழுத்துக்கலைகளின் சாயலைத் தமிழில் கொண்டுவர முயன்றால், எழுத்துக்கு வேடம் கட்டியதுபோல் இருக்கிறது. பிற பண்பாடுகளிலிருந்து எதைத்தான் எடுத்துக்கொள்வது?

பதில்: பிறமொழி எழுத்தின் வளைவையும் வாலையும் மட்டும் பெயர்த்தெடுத்துத் தமிழ் எழுத்தின்மேல் ஒட்டினால் அப்படித்தான் தோன்றும். அந்த எழுத்து எந்தக் கருவியால், எந்தப் பொருளின்மீது வளர்ந்தது என்பதைக் கற்று, அந்த முறைக்குத் தமிழ் எழுத்தைப் பழக்குங்கள்.

மதுரைக்கு அருகே மாங்குளம் குகைப் பாறையில் வெட்டப்பட்ட தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துகளில் நேர்கோடுகளே மிகுதி. பனையோலையிலோ நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால், எழுத்தாணியால் நீண்ட கிடைக்கோட்டை அழுத்திக் கீறினால் ஓலை பிளந்துவிடும். தமிழும் சிங்களமும் ஒடியாவும் உருண்டு திரண்டதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். வட ஐரோப்பாவின் ரூன் எழுத்துகள் மரத்தில் செதுக்கப்பட்டவை என்பதால் இழையோடு கலந்துவிடும் கிடைக்கோடுகளைத் தவிர்த்தன.

அரபு எழுத்துக்கலையில் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் அளவுமுறை. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, நாணல் பேனாவின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக்கி எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். நீங்களும் தட்டையாக வெட்டிய நுனியால் ‘ட’வின் உயரத்தை ஐந்து புள்ளிகள் என்று வைத்துக்கொண்டு, மற்ற எழுத்துகளை அதே புள்ளியால் அளந்து எழுதிப் பாருங்கள். நுனியின் சாய்வு மாறாதவரை, தடிமனும் மெல்லிமையும் தாமாகவே உரிய இடங்களில் வந்து அமையும்.

ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் செங்கல் சுவர்களில் விளைந்த சதுரக் கூஃபி என்ற கட்டம் கட்டமான அரபு எழுத்து வடிவம் எனக்கு மிகவும் விருப்பமானது. அதில் கோட்டின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஒன்றே. கட்டத்தாளில் ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகியவை எளிதில் அடங்கிவிடும். ‘இ’, ‘ஞ’ ஆகியவற்றின் சுருள்களோ பல முறை அழித்து எழுதவைக்கும். ‘ண’, ‘ன’ இரண்டிலும் சுழிகளின் எண்ணிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டம் போதவில்லை என்று ஒரு சுழியைக் குறைத்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். இடம் பற்றாவிட்டால் கட்டங்களைக் கூட்டுவதே முறை.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொருள் அறியாத பிறமொழி வாசகங்களை, குறிப்பாக வழிபாட்டு வரிகளை, அழகுக்காக மட்டும் பிரதியெடுக்காதீர்கள். எழுதியவர்கள் அவற்றைப் படிப்பதற்காகவே எழுதினார்கள்.

கேள்வி: தடித்த அட்டையில் ஸ்டென்சில் வெட்டும்போது சுழிகளின் உட்பகுதி விழுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூடிய சுழி ஒவ்வொன்றுக்கும் உட்பகுதியை வெளி அட்டையோடு இணைக்கும் பாலம் தேவை. வெட்டிய பிறகு ஒட்டுப்போடாமல், வரையும்போதே அதற்கு இடம் ஒதுக்குங்கள். கோடு தடிமனிலிருந்து மெலியும் இடத்தில், எல்லா எழுத்துகளிலும் ஒரே அகலத்தில் பாலம் அமைந்தால், அது எழுத்தின் இயல்பான பகுதியாகவே தோன்றும். சிறிய சுழிக்கு ஒரு பாலம் போதும். பெரிய சுழியில் ஒன்று மட்டும் இருந்தால் வண்ணம் தோய்ந்ததும் அட்டை தொங்கி விளிம்பு கலங்கும். எதிரெதிராக இரண்டு வையுங்கள்.