பாத்தியாத்தோவின் முதல் தட்டு: குரலைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்

கேள்வி: ‘லா வோச்சே தெல் பத்ரோனே’ கேட்டு இத்தாலியப் பாடகர் ஃப்ராங்கோ பாத்தியாத்தோவின் ரசிகனானேன். அந்த ஆசையில் அவருடைய முதல் ஆல்பம் ‘ஃபேத்துஸ்’ (‘கரு’) கேட்டேன். இரண்டு தடவை கேட்டும் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. இதை எப்படிக் கேட்க வேண்டும்? என் கணினியில் வி.சி.எஸ்.3 என்ற சிந்தசைசரின் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) மென்பொருள் வடிவம் இருக்கிறது. அந்த மாதிரி ஒலிகளை நானே செய்து பார்க்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் கேட்கும் முறையைச் சரிசெய்துவிடலாம்.

உங்களை ரசிகனாக்கிய ‘லா வோச்சே தெல் பத்ரோனே’ 1981-ல் வந்த ஆல்பம். இத்தாலியில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற முதல் இத்தாலிய எல்பி அதுதான் என்பார்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போகிறவர்களுக்கு 1972-ன் ‘ஃபேத்துஸ்’ ஒரு வெள்ளோட்டம் போலத் தெரிகிறது. அவருடைய எழுபதுகளை விரும்புகிறவர்களோ அதே ஆண்டில் வந்த ‘பொல்யூஷன்’ பக்கமோ, 1973-ன் ‘சுல்லே கோர்தே தி ஆரியேஸ்’ பக்கமோ போய்விடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே இது விடுபட்டுப் போகிறது. எங்கள் கணிப்பில் அவருடைய ஆரம்பகால ஆல்பங்களில் பாட்டுத்தன்மை அதிகம் உள்ளது இதுதான். சிந்தசைசர் ஆல்பம் என்று பெயர் வாங்கியதால், உள்ளே இருக்கும் மெட்டுகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு தடவையும் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டீர்களா? தலைப்புப் பாடல் இதயத் துடிப்போடு தொடங்குகிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் தராது. துடிப்பின் கனம் போய், லேசான தட்டல் மட்டும் மிஞ்சும். காதை மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். மொத்தம் எட்டுப் பாடல்கள், சுமார் அரை மணி நேரம். ஒரே மூச்சில் கேட்க வேண்டியவை. ‘காரியோகினேசி’ போன்ற இரண்டு நிமிடப் பாடல் தனியாக வந்தால் அறுந்த நூலாகத்தான் தெரியும்.

மூன்றாம் தடவை கேட்கும்போது பின்னணியை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடருங்கள். தலைப்புப் பாடலில் பாடுவது பிறக்காத கரு. பிறக்கும் முன்பே இதயத்தை உணர்ந்ததாகவும், தன் உயிர் அன்பில்லாமல் உருவானதாகவும், ரத்த நாளங்கள் வழியே விதியை நோக்கி மெல்ல இறங்குவதாகவும் அது சொல்கிறது. கருக்களைச் சோதனைச்சாலையில் வளர்க்கும் உலகை ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் கற்பனை செய்த ஆல்டஸ் ஹக்ஸ்லிக்குச் சமர்ப்பணம் செய்த ஆல்பம் என்பதை நினைவில் வைத்தால், அந்த ‘அன்பில்லாமல்’ எங்கிருந்து வருகிறது என்று புரியும். ‘எனெர்ஜியா’ பாடலில் இதே கேள்வி தகப்பன் பக்கத்திலிருந்து வருகிறது: பல பெண்களோடு கழிந்த வாழ்க்கையில், பிறக்காமலே போன பிள்ளைகளின் கணக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து கேட்டாலே துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். பாத்தியாத்தோ இந்த ஆல்பத்தை ஆங்கிலத்திலும் பாடிப் பதிந்தார். அந்தப் பதிவு கிடப்பில் கிடந்து 1999-ல்தான் வெளியானது. மொழி தடையாக இருந்தால் அதை ஒருமுறை கேட்டுவிட்டு இத்தாலிய வடிவத்துக்குத் திரும்புங்கள். நேராக அதிலேயே தங்கிவிட வேண்டாம். மெட்டு இத்தாலியச் சொற்களின் நீட்டலுக்குத்தான் அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது.

‘ஃபெனோமெனோலோஜியா’ பாடலில் அவர் பாடுவது ஒரு சமன்பாடு. வீச்சும் அதிர்வெண்ணும் ஒன்றாகவே உள்ள இரண்டு சைன் அலைகள். இரண்டாவது மட்டும் காமா என்ற கோணம் அளவுக்குத் தள்ளித் தொடங்குகிறது. காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போகும் இரண்டு வளைகோடுகள் வரும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் உருவம் அது. கருவைப் பற்றிய ஆல்பத்தில் இதைவிடப் பொருத்தமாக ஒரு கணக்கை வைக்க முடியாது.

இனி உங்கள் கருவி. லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் 1969-ல் கொண்டுவந்த வி.சி.எஸ்.3-ல் ஒலி அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர்கள் மூன்று உண்டு. வயர்களுக்குப் பதில் 16-க்கு 16 துளைகள் கொண்ட பலகையில் பின் குத்தி இணைப்பார்கள். கிடைவரிசையில் ஒலி பிறக்கும் இடம், நெடுவரிசையில் அது போய்ச் சேரும் இடம். புதிதாகத் தொடுகிறவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது இங்கேதான்: ஆஸிலேட்டரை ஃபில்டருக்கு (ஒலியை வடிகட்டும் பகுதி) குத்திவிட்டு, ஃபில்டரை வெளியீட்டுக்குக் குத்த மறந்துவிடுவார்கள். சத்தமே வராது.

இதயத் துடிப்புக்கு முதல் ஆஸிலேட்டரின் சைன் அலையை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒலி எழுந்து தேயும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப்பில் தொடக்கம் உடனடியாக இருக்கட்டும், தேய்வு 0.1 விநாடி போதும். முதல் தட்டுக்கு 0.3 விநாடி கழித்துச் சற்றே மெல்லிய இரண்டாவது தட்டு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு ஜோடியின் தொடக்கத்துக்கும் அடுத்த ஜோடியின் தொடக்கத்துக்கும் இடைவெளி 0.86 விநாடி. தேய்வை நீட்டினால் துடிப்பு மத்தளமாகிவிடும்.

மிதக்கும் தடித்த ஒலிக்கு முதல் ஆஸிலேட்டரின் ரம்ப அலையையும் இரண்டாவதின் சதுர அலையையும் ஃபில்டருக்கு அனுப்பி, இரண்டுக்கும் 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வையுங்கள். விநாடிக்கு இரண்டு அலைவு கேட்கும். வித்தியாசம் சுமார் 15-20 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அலைவு மறைந்து கரகரப்பாகிவிடும். மூன்றாவது ஆஸிலேட்டர் மிக மெதுவாக ஓடக்கூடியது. அதை 0.1 ஹெர்ட்ஸில் வைத்து ஃபில்டரின் திறப்போடு இணைத்தால் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒலி விரிந்து சுருங்கும்.

நிஜக் கருவியில் சூடு ஏற ஏறச் சுருதி நகரும். உங்கள் மென்பொருளில் சுருதி நகர்வைக் கூட்டும் குமிழ் இருந்தால் கொஞ்சம் திருப்பி வையுங்கள். பதிந்த பிறகு சுருதியைத் திருத்த வேண்டாம். முதலில் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும் பதிந்து முடியுங்கள், அவற்றின் மேல் சிந்தசைசரை ஏற்றுங்கள். சிந்தசைசரில் தொடங்கினால் பாட்டு அதற்குள் மூழ்கிவிடும்.