மார்மன் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ ஊரில் இருக்கிறது பிரிகாம் யங் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் தோன்றிய கிறித்தவ வழிச் சபையான மார்மன் சபையார் 1875-இல் தொடங்கியது. அங்கே மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

கே: நான் இந்து. சேர்த்துக்கொள்வார்களா அண்ணா?

ப: சேர்த்துக்கொள்வார்கள் தம்பி, மதம் மாற வேண்டியதில்லை. கட்டணம் மட்டும் சபை உறுப்பினர்களைவிட இரண்டு மடங்கு. அவர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தசமபாகமாகக் கட்டுகிறார்கள், பெருமளவு அந்தப் பணத்தில்தான் கல்லூரி ஓடுகிறது. எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. இளநிலை என்றால் 14 கிரெடிட் மதப் பாடமும் உண்டு.

கே: என் பையன் காபி குடிக்காமல் கண்ணே திறக்க மாட்டான். என்ன செய்வது?

ப: பழக்கத்தை இங்கேயே விடச் சொல்லுங்கள் அம்மா. காபி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர வேண்டும். அறைக்குள் டிகாஷன் இறக்கினாலும் விதிமீறல்தான். தாடிக்கும் தடை. வேடிக்கை என்னவென்றால், காஃபீன் உள்ள கோலா 2017 முதல் வளாகத்திலேயே விற்கிறது. பல்கலைக்கழகமே பால்கடையும் நடத்துகிறது. பையன் சாக்லேட் பாலுக்கு மாறிவிடுவான்.

கே: சாமி கும்பிடுகிற இடத்தில் ஆராய்ச்சி என்ன பெரிதாக நடந்துவிடும்?

ப: மெக்கானிக்கல் பேராசிரியர் லாரி ஹவலின் ஆய்வுக்கூடம் ஒன்று போதும் பதிலுக்கு. ஓரிகாமி என்னும் காகித மடிப்புக் கலைஞர் ராபர்ட் லாங், நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் இவர்களோடு சேர்ந்து, மடித்தால் 2.7 மீட்டர், விரித்தால் 25 மீட்டர் ஆகும், விண்கலத்துக்கான சூரியத் தகடு ஒன்றை வடிவமைத்தார்கள். காகிதம் மெலிசு, எப்படியும் மடியும். தகட்டுக்குத் தடிமன் உண்டே! ஒன்றன்மேல் ஒன்று மடிக்க மடிக்க ஓரங்கள் முட்டிக்கொள்ளும். அதனால் வளையும் சவ்வின்மேல் தகடுகளை ஒட்டி, மடிப்புக் கோடுகளில் கணக்குப் பார்த்து இடைவெளி விட்டார்கள். அனிமேஷன் பிரிவும் சளைத்ததல்ல: இறுதியாண்டு மாணவர்கள் சேர்ந்து குறும்படம் எடுப்பார்கள், தொலைக்காட்சித் துறையின் மாணவர் எம்மி விருது பலமுறை வாங்கியிருக்கிறார்கள்.

கே: பரிணாமம் சொல்லித்தருவார்களா?

ப: தருவார்கள். 1911-இல் அதனாலேயே பேராசிரியர்கள் சிலர் வெளியேற நேர்ந்தது. இன்று அது உயிரியலில் சாதாரணப் பாடம். ஆனால் சபைக் கோட்பாட்டை ஆசிரியர் வெளிப்படையாக எதிர்க்க முடியாது. கருத்துச் சுதந்திரம் போதவில்லை என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1998-இல் கண்டித்தது. கண்டனம் சரி என்பதே என் கட்சி.

கே: தனியாக உணர்வோமா?

ப: மாணவர்களை வார்டு வார்டாகப் பிரித்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வார்டு இல்லை, சபைப் பிரிவு. சம்பளப் பாதிரியார் கிடையாது. பாடம் எடுப்பது, பாட்டு நடத்துவது எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். உறுப்பினர் அல்லாத என்னையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், சில நாள் ஒளிந்துகொள்ளத் தோன்றும் அளவுக்கு. வந்த புதிதில் ஒரு மாலை, கொடி இறக்கும் நேரம் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கேட்டது. நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் நாலடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன்.