கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: இனி ஊசிதானா?

கேள்வி: எனக்கு வயது 44. எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. முதல் இரண்டு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டேன், சரியானது. இந்த முறை கேட்கவில்லை. யூரின் கல்ச்சரில் ஈ.கோலை என்று வந்திருக்கிறது. பல மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’. என் உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டதா? இனி ஊசிதானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் உடம்புக்கு எதுவும் பழகவில்லை, மாறியிருப்பது கிருமி. ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் சுலபமாக மேலே ஏறிவிடும். சுத்தமாக இல்லாததால் வந்தது என்று தயவுசெய்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

எரிச்சலுக்குப் போட்ட மாத்திரை குடலிலும் வேலை செய்கிறது. அங்கே அதற்குச் சாகும் கிருமிகள் செத்துப்போக, சாகாதவை அந்த இடத்தைப் பிடித்துப் பெருகுகின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறுவது இவையாக இருக்கலாம்.

‘ஆர்’ எப்படி வருகிறது தெரியுமா? சிறுநீரில் வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த பொட்டளவு காகித வட்டங்களை அதன்மேல் வைப்பார்கள். மருந்து கேட்டால், மறுநாள் வட்டத்தைச் சுற்றிக் கிருமியே இல்லாத தெளிவான வளையம் இருக்கும், அதற்கு ‘எஸ்’. கேட்காவிட்டால், காகிதத்தின் ஓரம்வரை மாவு அப்பியதுபோல் படர்ந்திருக்கும், அதற்குத்தான் ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட்). சில லேபுகளில் இப்போது இதை மெஷினே பார்க்கிறது.

ரிப்போர்ட்டில் நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிப்ரோ கேட்காத ஈ.கோலை பலவும் இவற்றுக்கு இன்னும் அடங்குகின்றன. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள். தண்ணீரில் கலந்து ஒரே வேளை குடிப்பது. ஆனால் இரண்டுமே சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தான். சிறுநீரகம் வரை போயிருந்தால் போதாது. ஆகவே டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஊசி எல்லோருக்கும் தேவைப்படாது.

நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்று: அடுத்த முறை கடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாத்திரை போட்டுவிட்டு வருபவர்களுக்குப் பல நேரம் தட்டில் ஒன்றுமே வளராது; எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். எந்த மருந்து கொடுப்பதென்று எங்களுக்கும் தெரியாது. முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள்.

அப்புறம், எட்டு மாதத்தில் மூன்று தடவை என்பதால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். குணமானபின் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுபடி கல்ச்சர் வேண்டாம். தொந்தரவே இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால், கர்ப்பிணிகளைப் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து தேவையில்லை.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, இதில் ஏதாவது வந்தால் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.