சிஃபிலிஸ் புண் இருந்தும் இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போவது ஏன்? பி.சி.ஆர். எப்படி உதவும்?

சிஃபிலிஸ் என்னும் மேகப்புண், உடலுறவு வழியாகப் பரவும் பாக்டீரியா நோய். தொற்றிய 10 முதல் 90 நாள்களுக்குள், பெரும்பாலும் மூன்றாம் வாரவாக்கில், வலியில்லாத புண் தோன்றும். இந்நோய்க்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். என்ற பரிசோதனை இரத்தத்தில் தேடுவது கிருமியை அல்ல, தொற்றால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி). அது உருவாக, புண் வந்த பிறகும் 1 முதல் 4 வாரம் ஆகலாம். பி.சி.ஆர். புண்ணிலுள்ள கிருமியின் மரபணுவையே பெருக்கிக் காட்டும். நாய் குரைக்கும்வரை காத்திராமல், கைரேகையை வைத்துத் திருடனைப் பிடிப்பது போல.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புண்ணை உப்புநீரால் துடைத்து, அடிப்பகுதியைத் தேய்த்து, ஊறிவரும் நீரை எடுக்க வேண்டும். முன்பே களிம்பு தடவியிருந்தாலோ புண் ஆறத் தொடங்கியிருந்தாலோ கிருமி சிக்காமல் போகலாம். அதனால் பி.சி.ஆரில் ‘இல்லை’ என்று வந்தாலும் இரத்தப் பரிசோதனையைச் சில வாரங்களில் மறுபடி செய்யுங்கள்.

புண் ஆறினால் நோய் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சிகிச்சை இல்லாமலே அது 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும், கிருமி உடலிலேயே தங்கியிருக்கும்.