இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவது எதற்கு?

கேள்வி: என் மாமனார் சாப்பிட உட்கார்ந்ததும் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, ஏதோ முணுமுணுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றை எடுத்து விழுங்குவார். கேட்டால், “உள்ளே நடக்கிற யாகம்மா இது” என்கிறார். பழைய சடங்குகளுக்கு இப்படித் தத்துவ விளக்கம் கொடுப்பதெல்லாம் இந்தக் காலத்தில் ஒட்டவைத்ததுதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். தேங்காய் உடைத்தால் ஆணவம் உடைகிறது, கற்பூரம் கரைந்தால் ‘நான்’ கரைகிறது என்று எதற்கெடுத்தாலும் ஒரு விளக்கத்தைத் தயாராக வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கும் அலுப்புதான். ஆனால் இந்த வழக்கில் நான் உங்கள் மாமனார் கட்சி.

அவர் இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவது பரிசேஷணம், அதைத் தொடர்ந்து கவளங்களைப் பிராணனுக்கு ஆகுதியாக, அதாவது யாகத் தீயில் இடும் படையல்போல, விழுங்குவது பிராணாகுதி. அவர் சொல்லும் விளக்கம் சாந்தோக்ய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. வேத காலத்து வீடுகளில் காலையும் மாலையும் தீயில் பால் விடுவார்கள், அதற்கு அக்னிஹோத்திரம் என்று பெயர். கேகய நாட்டு அரசன் அசுவபதியிடம் உத்தாலகரும் இன்னும் ஐந்து பேரும் பாடம் கேட்கப் போகிறார்கள், எல்லோரும் நன்றாகப் படித்த இல்லறத்தார்கள்தான். அரசன் அந்த யாகசாலையை அப்படியே தூக்கி உடம்புக்குள் வைத்துவிடுகிறான். மார்பு வேதி, அதாவது யாக மேடை, உடம்பு மயிர் அதில் பரப்பும் தர்ப்பை, இதயம் கார்ஹபத்யம், வாய் ஆஹவனீயம். வாய்க்கு வந்ததைப் பொருத்தியதல்ல இது. கார்ஹபத்யம் வீட்டில் அணையாமல் காக்கும் தீ, மற்றத் தீயை அதிலிருந்துதான் எடுப்பார்கள், அதனால் அது இதயம். ஆகுதி விழுகிற தீ ஆஹவனீயம், அதனால் அது வாய். அப்புறம் முதல் கவளம் ‘பிராணாய ஸ்வாஹா’, அடுத்து வியானன், அபானன், சமானன், உதானன் என்று உடம்புக்குள் இயங்கும் உயிர்க்காற்றுகளுக்கு ஐந்து. பிராணன் நிறைந்தால் கண் நிறையும், கண் நிறைந்தால் சூரியன் நிறையும் என்று அது வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. சாப்பிடுகிறவன் தன் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்கிற அக்னிஹோத்திரம், தணலை ஒதுக்கிவிட்டுச் சாம்பலில் ஆகுதி விடுவது போல என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆக, சடங்கை உள்முகமாகப் படித்தது நாம் அல்ல, அதைச் செய்துகொண்டிருந்த ஆட்களேதான்.

ஆனால் ஒன்று. இதை அறிந்தவன் தன் மிச்சத்தைச் சண்டாளனுக்குக் கொடுத்தாலும் அது எல்லாருக்குள்ளும் இருக்கிற ஆத்மாவில் இட்ட ஆகுதிதான் என்கிறது அதே பகுதி. மிச்சத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் அந்த வரியின் பக்கம் கூடப் போகாமல், சாதிக்கொரு பந்தி பிரித்துவிட்டு ‘பிராணாய ஸ்வாஹா’ மட்டும் சுத்தமாகச் சொன்ன வீடுகள் எத்தனை! மாமனாரிடம் இந்த இடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டு எழுந்த பிறகு கேளுங்கள், அந்த ஐந்து கவளத்துக்கு நடுவில் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.