கோதுமைக்கு நான்கு தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் எப்போது பாய்ச்சுவது?

கேள்வி: ஹரியானாவில் கர்னாலுக்கு அருகே 8 ஏக்கர் குத்தகை நிலத்தில், நவம்பர் 5 அன்று எச்.டி. 3086 ரகக் கோதுமையை விதைத்திருக்கிறேன். நிலம் மணலும் களியும் கலந்த இருமண்பாடு. ஆழ்துளைக் கிணற்றைப் பக்கத்து நிலத்தாரோடு பகிர்ந்துகொள்வதால் நான்கு முறைக்கு மேல் தண்ணீர் கிடைக்காது. முதல் தண்ணீரை டிசம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போட வேண்டாம். நான்கில் எதை விட்டுக்கொடுத்தாலும், விதைத்த 20 முதல் 25 நாள்களுக்குள் பாய்ச்ச வேண்டிய முதல் தண்ணீரை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விதையிலிருந்து முதலில் இறங்கும் சில வேர்கள் நாற்றை உயிரோடு வைத்திருக்கப் போதுமானவை; பயிரைக் கடைசிவரை தாங்கப் போகிறவை, மூன்றாவது வாரத்தில் தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்பும் வேர்களே. அந்தக் கணு மேல்மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது என்பதால், அடிமண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், மேல்மண் காய்ந்திருந்தால் புது வேர்கள் இறங்காமல் முனை கருகி நின்றுவிடும். அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகளான தூர்கள் வெடிப்பதும் இதே காலத்தில் என்பதால், அப்போது குறைந்த தூர்களை ஜனவரியில் எத்தனை முறை பாய்ச்சினாலும் மீட்க முடியாது. குள்ள ரகங்கள் 1960-களில் வந்தபோது, முளைக்குருத்து குட்டையாக இருப்பதால் அவற்றைச் சுமார் 5 செ.மீ. ஆழத்திலேயே விதைக்க நேர்ந்தது. மேலாக விதைத்த பயிருக்கு 21-ஆம் நாள் ஈரம் இன்னும் முக்கியமாயிற்று.

உங்களுக்கு 21-ஆம் நாள் நவம்பர் 26. ஆனால் அன்று தொடங்கினால் கடைசி ஏக்கருக்குத் தாமதமாகிவிடலாம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டார் வினாடிக்கு 10 லிட்டர் இறைத்தால் ஏக்கருக்கு ஐந்தரை மணி நேரம், 8 ஏக்கருக்கு 44 மணி நேரம். மின்சாரம் நாளுக்கு 8 மணி நேரம் வரும் என்றால் ஐந்தாறு நாள்கள் பிடிக்கும். எனவே நவம்பர் 24 அன்றே, மணல் அதிகமுள்ள பகுதியிலிருந்து தொடங்குங்கள். வாய்மடையில் தேங்கிக் கடைமடை காயாதபடி பாத்திகளைச் சிறிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த முதல் தண்ணீர் 5 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம்; நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் பயிர் மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்துப் பலரும் கூடுதல் யூரியாவைக் கொட்டுகிறார்கள். அங்கே முதலில் வேண்டியது வடிகால். வழக்கமான மேலுரத்தை இந்தத் தண்ணீரை ஒட்டியே இடுங்கள்.

இரண்டாவது தண்ணீரை டிசம்பர் 20 வாக்கில், தூர் கட்டி முடியும் தறுவாயிலும், மூன்றாவதை ஜனவரி நடுப்பகுதியில், கணு விடும் பருவத்தின் இறுதியிலும், நான்காவதைப் பிப்ரவரி கடைசி வாரத்தில், மணி பால் பிடிக்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளான மேற்கத்திய இடையூறுகளால் அங்கே குளிர்காலத்தில் மழை பெய்வதுண்டு. டிசம்பரில் நல்ல மழை பெய்தால் இரண்டாவதை மிச்சப்படுத்திப் பூக்கும் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கதிர் வெளிவந்து பூக்கும் நாள்களில் மண் வறண்டால் கதிரில் மணிகளின் எண்ணிக்கை குறையும்.

இந்தத் தேதிகளை மட்டும் நம்பிவிடாமல், 20 செ.மீ. ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிராமல் இருந்தால் சில நாள் பொறுக்கலாம்; பிடிக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் காத்திருக்க வேண்டாம். மண் தாங்கும் நீரில் வேர் உறிஞ்சக்கூடிய பங்கில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவதே பொது விதி. மேல்மண் வெளுத்திருப்பதைப் பார்த்து முடிவெடுப்பது, வேர் ஆழமாக இறங்கிவிட்ட ஜனவரியில் பெரும்பாலும் தவறாகவே முடியும்.

நீங்கள் இணையத்தில் குளிர்காலக் கோதுமை என்று தேடியிருந்தால் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்கான அட்டவணைகள் கண்ணில் பட்டிருக்கலாம். அங்குள்ள பயிர் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, கடுங்குளிரில் வளர்ச்சி நின்று, கோடையின் தொடக்கத்தில் அறுவடையாகும். உங்கள் ரகம் குளிரில் உறங்காமல் வளர்ந்து ஏப்ரலில் அறுவடைக்கு வந்துவிடும். அந்த அட்டவணைகள் உங்களுக்குப் பொருந்தா.

நான்காவது தண்ணீரை முன்கூட்டியே செலவழித்துவிடாதீர்கள். 2022 மார்ச்சில் வெயில் வழக்கத்தை மீறி ஏறியபோது வடமேற்கு இந்தியாவில் மணிகள் நிரம்பாமல் சுருங்கின. அவ்வாண்டு மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்கே தடை விதித்தது. மண்ணில் ஈரம் இருந்தால் பயிர் இலை வழியாக நீரை வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெப்பத்தின் சேதம் ஓரளவு தணியும். ஆயினும் கதிர் கனத்திருக்கும் அந்த நாள்களில், நனைந்த மண்ணில் பலத்த காற்று அடித்தால் பயிர் சாய்ந்துவிடும். வானிலை அறிவிப்பைப் பார்த்து, காற்று ஓய்ந்த மாலையில் மெல்லிய நீராகப் பாய்ச்சுங்கள். காற்று எழுந்தால் உடனே மடையை அடைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள்.