ஆடை வரலாற்றையும் பழங்கால உடை தைப்பதையும் விரிவுரை கேட்டே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் கற்றேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கேட்கும்போது மடியில் துணியும் கையில் ஊசியும் இருக்க வேண்டும்.

ஈரோட்டில் பிளவுஸ், சுடிதார் தைப்பது என் தொழில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி நாடகத்துக்காக 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய கவுன் ஒன்று கேட்டார்கள். படத்தைப் பார்த்து, நம் சுடிதாருக்கு வெட்டுகிற மாதிரியே கைக்குழியை இறக்கி வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். மேடையில் அந்தப் பெண் கையைத் தூக்கினால் இடுப்பும் சேர்ந்து மேலே ஏறியது. பாவம், கடைசிவரை கையைத் தாழ்த்தியே வசனம் பேசினாள். அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. கடை மூடியபின் ராத்திரிகளில் ஆடை வரலாற்று விரிவுரைகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன்.

எந்த ராணி எதை உடுத்தினாள் என்று ஓவியங்களைக் காட்டிப் பேசும் விரிவுரைகள் நிறைய உண்டு. கேட்க நன்றாக இருக்கும், தைக்கிறவளுக்குப் போதாது. மிஞ்சியிருக்கும் பழைய உடையை மேசைமேல் விரித்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். முதன்முறை அப்படி ஒன்றைப் பார்த்தபோது நிறுத்தி நிறுத்தி நாலு தடவை ஓட்டினேன். கைக்குழி சின்னதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் இருந்தது. அதனால்தான் கை தனியாக அசைகிறது, உடம்புப் பகுதி இடம் மாறுவதில்லை. என் தவறு என்னவென்று அந்த நிமிஷம் புரிந்தது.

இன்னொன்று பாவாடைப் பகுதி. பட்டுத் துணியின் அகலமே ஏறக்குறைய 20 அங்குலம்தான். அதைக் கிழிக்காமல், கரையோடு கரை வைத்து, நீள நீளமான நூலோட்டத்தில் இணைத்திருந்தார்கள். அவசரத்தில் தைத்தது என்று நினைத்தேன். இல்லை. அந்தக் காலத்தில் தையல்கூலியைவிடத் துணிதான் பல மடங்கு விலை. நாளைக்கு மோஸ்தர் மாறினால் பிரித்து வேறு உடையாகத் தைக்க வேண்டும், அதற்காகவே அந்தத் தையல். என் அம்மா பட்டுப்பாவாடையில் டக் பிடித்துவைத்து, நான் வளர வளர வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிட்டது ஞாபகம் வந்தது.

அளவெடுக்க அந்தக் காலத் தையல்காரர்களிடம் இஞ்ச் டேப் கிடையாது. ஆளுக்கு ஒரு காகிதப் பட்டை, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். எண்ணே இல்லை. செய்தித்தாளைக் கிழித்து என் மகளுக்கு அதே மாதிரி ஒரு பட்டை செய்து, காடா துணியில் வெட்டிப் பார்த்தேன். சரியாகவே பொருந்தியது.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. இன்று மலிவு என்று நாம் ஒதுக்கும் சீட்டித் துணி, அதாவது பூப்போட்ட பருத்தித் துணி, அன்று இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதைப் பிரான்சு 1686இலிருந்து 1759 வரை தடை செய்து வைத்திருந்தது. இங்கிலாந்தும் 1721இல் சட்டம் போட்டது. அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம். சோழமண்டலக் கரையில் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் வரைந்து, சிவப்புச் சாயம் தரும் சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். துவைத்தாலும் போகாது. விரிவுரையில் இதைக் கேட்டுவிட்டு, அருங்காட்சியகத் தளத்தில் அந்தத் துணியில் தைத்த கவுன்களைத் தேடிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. நம் வண்ணக்காரர் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

எங்கே கேட்பது? லண்டனின் கிரெஷாம் கல்லூரி எல்லாத் துறையிலும் இலவச விரிவுரைகள் போடுகிறது, ஆடை பற்றியும் தேடிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் தன்னிடமுள்ள சில பழைய உடைகளின் வெட்டுப் படங்களை இலவசமாகத் தருகிறது. ஜேனட் ஆர்னால்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழைய உடைகளை நேரில் அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டம் போட்டு வரைந்த புத்தகங்கள் இருக்கின்றன. விரிவுரையில் காட்டும் உடையை அந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் வெட்டு பிடிபடும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் திரையில் பேச்சு எழுத்தாக ஓடும் வசதியை (சப்டைட்டில்) போட்டுக்கொண்டு பாருங்கள். தையல் தெரிந்தவருக்குப் பாதி விஷயம் கையைப் பார்த்தாலே விளங்கும்.

முதலில் கவுனுக்குப் போகாதீர்கள். அக்காலப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே நாடாவால் இடுப்பில் கட்டிக்கொண்ட தனிப் பையிலிருந்து தொடங்குங்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்கு அக்கா தங்கை மாதிரி. பேரிக்காய் வடிவம், நடுவில் நெடுக்காக ஒரு திறப்பு, ஓரம் முழுக்க நாடா. அரை மீட்டர் காடா துணி போதும். ஒரு விரிவுரை கேட்டு முடிப்பதற்குள் ஒரு பக்கத்து ஓரத்தைக் கையாலேயே தைத்துவிடலாம்.